இரண்டு பேருக்கு ஒரு சோடிச் சப்பாத்து: வியன்னாவில் ஒரு பகல்

மார்கழியில் ஐரோப்பாவுக்குப் போகிறேன் என்றதும், எனக்கு மூளை பிசகிவிட்டது என்றே வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள். நான் என்ன செய்ய? கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்கான மூன்று நாள் கூட்டம் ஒன்று வியன்னாவில் நடந்தது. பளைப் பக்கம் கணிதம் படிப்பிக்கும் என்னையும், முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஸ்ரெல்லாவையும் அழைத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எனக்கு இடக்கால் இல்லை, அவளுக்கு வலக்கால் இல்லை. கூட்டம் வெள்ளிக்கிழமை முடிந்தது. விமானம் சனிக்கிழமை இரவு எட்டரைக்கு. நடுவில் கிடைத்த ஒரே பகலில் அடித்துப்பிடித்து ஊர் பார்த்த கதை இது. பொய்க்காலோடு வெளிநாடு போக யோசிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பயணத்தில் எனக்கு இன்னொரு தலையிடியும் இருந்தது. எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்க ஆளில்லை. பிள்ளைகள் விடிய எழும்பி யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். பாடசாலை அதிபர் என்னை மூன்று முறை கேட்டுவிட்டார். வகுப்பு மேல்மாடியில், முப்பத்தெட்டுப் படி. மூன்று முறையும் வீட்டில் வேலை கூடுதல் என்று புளுகினேன். உண்மையில், பிள்ளைகளுக்கு முன்னால் படியில் விழுந்துவிடுவேனோ என்ற பயம். திங்கட்கிழமைக்குள் கடைசிப் பதில் சொல்லவேண்டும். இது ஸ்ரெல்லாவுக்கு மட்டும் தெரியும்.

சனி காலை 8.15க்கு வெளியே வந்தால் மைனஸ் மூன்று பாகை! கன்வஸ் சப்பாத்தோடு வந்த எங்கள் புத்தியை என்னவென்று சொல்ல? பக்கத்துச் சப்பாத்துக் கடை ஒன்பது மணிக்குத்தான் திறந்தது. குளிருக்கான சப்பாத்து சோடி 45 யூரோ. நான் இரண்டு சோடி எடுக்க, ஸ்ரெல்லா ஒன்றைப் பறித்துத் திரும்ப வைத்தாள்.

"எடியே, எங்கள் ரண்டு பேருக்கும் குளிர் தெரியிறது ஒவ்வொரு காலிலதானே? பிறகென்னத்துக்கு ரண்டு சோடி?"

இருவருக்கும் அளவு 38. வலது எனக்கு, இடது அவளுக்கு. பொய்க்கால்களுக்குப் பழைய கன்வஸ் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டு சப்பாத்தின் அடியும் ஒரே உயரமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பின்னேரம் இடுப்பு கழன்றுவிடும். காசு வாங்கிய பெண் எங்கள் கால்களை மாறி மாறிப் பார்த்தாள். விசயம் விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நாள் முழுக்க ஓடும் டிக்கெட் எட்டு யூரோ. டிராம்களில் அநேகமாக நிலத்தோடு நிலமாக ஏறலாம். எங்களுக்கு வாய்த்த தரிப்பிடம் கொஞ்சம் பள்ளம். சாரதி இறங்கி வந்து வாசலில் பலகையை விரித்தார். "பரவாயில்லை, ஏறிவிடுவோம்" என்றேன் ஆங்கிலத்தில். "இது என் வேலை" என்றார் அவர். பின்னால் அத்தனை சனம் காத்திருந்தது, ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. ஜன்னலோரம் இருந்தபடியே ஒபரா மண்டபமும் நாடாளுமன்றமும் பார்த்தோம். அப்பப்பா, என்ன கட்டடங்கள்! 10.40க்கு மஞ்சள் நிற ஷோன்புரூன் அரண்மனை. தோட்டத்துக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஒதுக்கினோம். உண்மையில் அதற்கு அரை நாள் வேண்டும்.

12.50க்கு ஸ்டெபான் பேராலயம். ஸ்ரெல்லா உள்ளே மெழுகுதிரி கொளுத்தினாள். தெற்குக் கோபுரத்துக்கு ஆறரை யூரோ, 343 படி. வடக்குக் கோபுரத்தில் லிஃப்ற் இருக்கிறது.

"லிஃப்றில போவமடி" என்றாள்.

"எனக்குப் படிதான் வேணும். இதில ஏறினனெண்டா அந்த வகுப்பை எடுப்பன். ஏறாட்டி இல்லை."

"அப்ப நட" என்றாள்.

ஒடுங்கிய வளைபடி. எண்ணிக்கொண்டே ஏறினேன், கணித ரீச்சர் அல்லவா! 211ஆம் படியில் பொய்க்கால் கழன்று ஆடத் தொடங்கியது. குளிரில் மிஞ்சிய கால் சுருங்கி, அது நுழையும் கிண்ணம் தொளதொளத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஸ்ரெல்லா ஜன்னல் மாடத்தில் குந்தி, தன் பொய்க்காலைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த தடித்த காலுறையை உருவி நீட்டினாள்.

"இந்தா, இதையும் மேலால போடு."

"அப்ப நீ?"

"நான் இதில இருக்கிறன்."

"வேண்டாமடி, சேர்ந்து இறங்குவம்."

"விசரே உனக்கு? இறங்கிறதுக்கே நான் உனக்குப் பின்னால இவ்வளவு தூரம் இளைச்சு இளைச்சு வந்தனான்? போ!"

போனேன். உச்சியில் ஒரு சின்ன அறை, நாலு பக்கமும் ஜன்னல். கீழே பேராலயத்தின் வண்ண ஓட்டுக் கூரை, அதற்கப்பால் பனி படிந்த நகரம். அவ்வளவு வடிவு. முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு, இத்தனை நாளும் முப்பத்தெட்டுப் படிக்குப் பயந்து பொய் சொல்லித் திரிந்திருக்கிறேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

அவள் இருந்த படிக்கு இறங்கி வந்து, அவளுடைய காலில் என் இரண்டு கைக்குட்டைகளையும் சுற்றினோம். சுவரைப் பிடித்துப் பிடித்து நிலத்துக்கு வர 2.50 ஆகிவிட்டது. ஆகவே, குளிர் நாட்டுக்குப் போகிறவர்கள் பொய்க்காலுக்குள் போட நாலு காலுறையாவது கூடக் கொண்டுபோங்கள். விமான நிலையத்தில் காலைச் சோதிக்க இருபது நிமிடம் கூடுதலாக எடுக்கும். அங்கே போக, நகர ரயிலில் இருபத்தைந்து நிமிடம்.

ரயிலுக்குப் போகமுன், பேராலய வாசலில் இருந்து அதிபருக்கு வட்ஸ்அப் எடுத்தேன். ஊரில் அப்போது இரவு ஏழரை.

"சேர், அந்த வகுப்பை நான் எடுக்கிறன்."

"நல்லது ரீச்சர்! படி ஏற ஏலுமே?"

"ஏலும் சேர். இப்பதான் முந்நூத்தி நாப்பத்திமூண்டு படி ஏறி இறங்கினனான். ஆனா வகுப்பைக் கீழ கொண்டுவாங்கோ."

மனுசன் குழம்பிப்போனார். "ஏலுமெண்டா பிறகேன் ரீச்சர் கீழ?"

"ஏலாது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தபடியா இவ்வளவு நாளும் கேக்க வெக்கமாக் கிடந்தது, சேர். இப்ப வெக்கமில்லை."