சத்தம் கேட்டு வாங்கிய கார்

வவுனியாவில் பார்த்த அந்த யப்பான் காரை வாங்கியிருந்தால், என் புருசன் இன்றைக்கு எங்களோடு இருந்திருப்பாரா? அரிசி களையும்போதும் இதைக் கேட்டுப் பார்க்கிறேன், மகளுக்குத் தலை இழுத்துப் பின்னும்போதும் கேட்டுப் பார்க்கிறேன். ஒருநாள் இருந்திருப்பார் என்று தோன்றும். மறுநாள், எந்தக் காரென்றாலும் போயிருப்பார் என்று தோன்றும்.

இவர் முதல்தடவை வளைகுடா நாட்டுக்கு லொறி ஓட்டப் போனபோது மகள் தவழத் தொடங்கியிருக்கவில்லை. ஒரு பழைய கார் வாங்குமளவுக்குச் சேர்ந்ததும் வந்துவிடுவது, எங்கள் உருத்திரபுரத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஆட்களை ஏற்றி ஹயர் ஓடுவது, பிறகு எங்கும் போகாமல் இருப்பது. இதுதான் பேச்சு. கார் வந்தால் இவர் வருவார், கார் ஒழுங்காக ஓடினால் இவர் நிற்பார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இவர் கசெற்றில் பேசி அனுப்புவார். கடிதத்தைவிட அது நல்லது, இடையில் செருமுவதுகூடக் கேட்கும். அப்படி வந்த ஒன்றில்தான் சொன்னார்: "இஞ்சேர், ரெண்டு கார் விலைக்கு நிக்குதாம். ஒண்டு விசுவமடுவில, இங்கிலாந்துக் கார். மற்றது வவுனியாவில, யப்பான் கார். நான் வாறதுக்கிடையில ரெண்டும் போயிடும். அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார். நீ படிச்சனி, நீயே முடிவெடு."

கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி, "நீயே முடிவெடு" என்பதைத் திரும்பக் கேட்டேன். நான் படித்த படிப்பில் கார் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை.

இவருடைய அக்காவைத்தான் மச்சாள் என்பேன். எதற்கும் பயப்படாத மனுசி. முதலில் விசுவமடுவுக்குப் போனோம். விசுவமடுக்காரர் மிளகாய் நல்ல விலை போன காலத்தில் அந்தக் காரை வாங்கியவர். வெளிநாட்டு மிளகாய் வந்து இறங்கி விலை விழுந்தபின் விற்பதற்கு நிறுத்தியிருந்தார். வட்டமான கறுப்புக் கார். மச்சாள் பின் இருக்கையைத் தட்டினா. எழும்பிய மிளகாய்த் தூசியில் மூன்றுபேரும் தும்மினோம்.

"உதில மிளகாய் ஏத்தினனீங்களோ?" என்று மச்சாள் கேட்டா.

"மிளகாயும் ஏத்தினதுதான், பொம்பிளை மாப்பிளையும் ஏத்தினதுதான். இஞ்சத்தைக் கலியாணமெல்லாம் இந்தக் காரிலதான் அக்கா."

"பாவம் பொம்பிளையள். தும்மித் தும்மியே தாலிக்குக் கழுத்தைக் குடுத்திருப்பாளவை."

அவர் சிரித்துக்கொண்டே காரை முடுக்கினார். அந்தச் சத்தத்துக்குக் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன.

மறுகிழமை பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனோம். யப்பான் காரின் சொந்தக்காரர் ஒரு கடை முதலாளி. வெளிர் நீலக் கார், கண்ணாடிகூடக் கீறுப்படவில்லை. "எண்ணெய் மாத்தினது, ரயர் மாத்தினது. வேற ஒரு வேலையும் வைக்கேல்லை" என்றார். எஞ்சினை முடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். ஓடுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பொனற்றில் கையை வைத்தேன். மெல்லிய நடுக்கம் ஒன்று இருந்தது.

மச்சாள் கதவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "பால்மாப் பேணித் தகரம்" என்று என் காதில் சொன்னா.

திரும்பும் வழியில் கிளிநொச்சியில் ஒரு கராச்சில் இறங்கி விசாரித்தோம். மெக்கானிக் கையைத் துடைத்தபடி, "இங்கிலாந்துக்காரன் கிழவர் மாதிரி. நாள் முழுக்க இருமுவார், ஆனாச் சாகமாட்டார். கம்பியால கட்டியும் ஓட்டலாம். யப்பான்காரன் புது மாப்பிளை. முகம் சுழிக்காமல் ஓடுவான். ஒருநாள் கோவிச்சால் சாமானுக்குக் கொழும்புக்குப் போகவேணும்" என்றார்.

"அப்ப எதை வாங்கிறது, தம்பி?"

"கட்டிக்கொண்டு மாரடிக்கப் போறது நீங்கள். நான் எப்பிடிச் சொல்லுறது?"

முடிவெடுக்க எனக்கு இரண்டு கிழமை போனது. கடைசியில் முடிவைத் தந்தது எங்கள் வாய்க்கால் ரோட்டுத்தான். காலையில் ஹயர் கார்கள் அந்த ரோட்டால் மெல்ல வரும். ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ போக வேண்டியவர்கள் வீட்டுக்குள் இருந்தபடியே சத்தத்தைக் கேட்டு, இன்னாருடைய கார் என்று அறிந்து, சேலையை மாற்றிக்கொண்டு வாசல் படலைக்கு வருவார்கள். தூரத்தில் கேட்கிற கார்தான் எங்கள் பக்கத்தில் நம்பிக்கையான கார். யப்பான் கார் வந்து போனதையே ஒருவரும் அறியமாட்டார்களே என்று நான் யோசித்தேன்.

மச்சாளும், "ஓம் பிள்ளை, அது கள்ளன் மாதிரி வந்து கள்ளன் மாதிரிப் போகும். ஆர் மறிக்கப் போயினம்?" என்றா.

இங்கிலாந்துக் காரை வாங்கினோம். ரயர்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். இவரும் வந்து சேர்ந்தார். மகள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இவரை "மாமா" என்றாள். ஒரு கிழமையில் அது "அப்பா" ஆனது.

அந்த முதல் மாதங்களை நான் அடிக்கடி நினைக்கிறேன். பின்னேரங்களில் பாலத்தடியில் கார் ஏறும் சத்தம் கேட்கும். உடனே கேத்திலை அடுப்பில் வைப்பேன். தண்ணீர் கொதிக்க, இவர் படலைக்குள் நிற்பார். பகல் முழுவதும் நான் அந்தச் சத்தத்துக்காகத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மாரி வந்தது. கிறவல் ரோட்டெல்லாம் பள்ளமாகியது. ஒரு கிழமை றேடியேற்றர், மறுகிழமை பிரேக். ஹயர் ஓடிய காசு கராச்சுக்கே போனது. மிச்ச நேரத்தில் இவர் காருக்கடியில் கிடந்தார். வெளியே தெரிந்த பாதங்களுக்குப் பக்கத்தில் இருந்து மகள் கதை சொல்லுவாள். "அம்மா, அப்பான்ர கால் சிரிக்குது" என்று ஓடிவந்தாள் ஒருநாள்.

யப்பான் காரை வட்டக்கச்சிக்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். அவருக்கு ஹயர் குறையவில்லை. அவரை மறிக்க வாய்க்கால் ரோட்டில் ஒருவரும் காத்திருக்கவும் இல்லை. தேவையானவர்கள் முதல்நாளே அவருடைய வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லி வைத்தார்கள். சொன்ன நேரத்துக்கு அவர் வந்து நின்றார். இவ்வளவு எளிய விசயம் எனக்கு ஏன் தோன்றவில்லை? பிள்ளைப்பேற்றுக்குப் போக வேண்டியவர்கள் அவரிடம் போகத் தொடங்கினார்கள். எங்களுக்குக் கலியாண ஹயர் மட்டும் மிஞ்சியது. கலியாணமோ எல்லா மாதமும் வருவதில்லை.

"இன்னொருக்கா அங்க போட்டு வாறன்" என்றார் இவர். "எஞ்சினை இறக்கி முழுசாச் செய்தால் சரிவரும்."

"காரை வித்துப்போட்டு நில்லுங்கோவன்."

"வித்துப்போட்டு? பிறத்தியாற்ற லொறியோ ஓடுறது?"

நான் எடுத்த முடிவைப் பற்றி இவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன், மனம் ஆறியிருக்கும். ஆனால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. வந்த புதிதிலேயே, கார் நன்றாக ஓடிய நாட்களிலேயே, "அங்கத்தை ரோட்டில தேத்தண்ணிக் கோப்பையை முன்னுக்கு வைச்சாலும் சிந்தாதப்பா" என்று ஆசையோடு சொல்லுவார். அதனால்தான் என்னால் ஒரு முடிவுக்கு வர முடிவதில்லை.

இவர் போய் இப்போது இரண்டாவது மாரியும் கழிந்துவிட்டது. கார் கிடுகுக் கொட்டிலுக்குள் நிற்கிறது. பற்றரி செத்துவிடாமல் மச்சாளின் புருசன் இடைக்கிடை வந்து முடுக்கிவிட்டுப் போவார். போன மாதம் ஒருநாள் அவர் வந்ததைக் கவனிக்காமல் கிணற்றடியில் நின்றேன். சத்தம் கேட்டது. வாளியை அப்படியே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதித்த பிறகுதான் நினைவு வந்தது.

அவரோடு வந்திருந்த மச்சாள் உள்ளே வந்து, "ஆருக்குப் பிள்ளை தேத்தண்ணி?" என்றா.

"உங்களுக்குத்தான் மச்சாள்."

"நான் வருவனெண்டு ஆர் சொன்னது உனக்கு?"

நான் கோப்பையை நீட்டினேன். பகிடி விட வாயெடுத்தவ, என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வாங்கிக் குடித்தா.

நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் இனிமேல்தான் வருகிறது. வட்டக்கச்சிக்காரர் வான் வாங்கப் போகிறாராம், நீலக் காரை விற்கிறாராம். செய்தி இவருக்கும் எட்டிவிட்டது. எங்கள் காரைக் கொடுத்துவிட்டு அதை வாங்குவதென்றால் இவர் இன்னும் இரண்டு வருடம் அங்கே நிற்க வேண்டும். வேண்டாமென்றால் சித்திரையோடு வந்துவிடலாம். சேர்த்ததைக் கொண்டு கறுப்புக் காருக்கு எஞ்சின் வேலை செய்து ஓட்டலாம். அந்த வேலை எத்தனை மாரி தாங்கும் என்று மெக்கானிக்கைக் கேட்டேன். தோளைக் குலுக்கினார். நீலக் காரும் எங்கள் கிறவலில் ஓடிக் களைத்துவிட்டது, இனி அதுவும் கிழவர்தான் என்றார். கசெற்றில் இவர் இந்தமுறையும், "நீ சொல்லு" என்றுதான் முடித்திருக்கிறார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா என்றால் இப்போது அவளுக்கு ரேப் றெக்கோடர்தான்.

இதை வாசிப்பவர்களில் ஹயர் கார் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். புருசன் வெளிநாட்டில் இருக்கிற பெண்களும் இருப்பீர்கள். ஓடுமோ ஓடாதோ என்ற காரோடு ஆளை இப்போதே வரச் சொல்வதா, நல்ல கார் என்று பெயரெடுத்த ஒன்றுக்காக இன்னும் இரண்டு வருடம் பொறுப்பதா? அடுத்த மாதம் ஊரவர் ஒருவர் அங்கே போகிறார், என் பதில் கசெற்றை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். இருமுறை பேசி, இருமுறையும் அழித்துவிட்டேன். அதற்கிடையில், நீங்கள் என்றால் என்ன சொல்லுவீர்கள் என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.