ஏறிக்கொண்டே போன கோடு

1. ஆராய்ச்சிப் படுக்கை

ரத்த அணுக்களை வளரத் தூண்டும் பொருள்களைப் பற்றி முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் எப்படி இந்தத் துறையிலேயே இருந்துவிட்டீர்கள் என்று கேட்பார்கள். ஆர்வத்தால் என்று பதில் சொல்லிவந்தேன். பயத்தால் என்பதுதான் சரியான பதில்.

அறுபதுகளின் நடுவில், கோயம்புத்தூரில் மில்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு வந்த வேலை. ஒரு மைக்ராஸ்கோப், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு சென்ட்ரிஃப்யூஜ், மாடிப்படிக்கு அடியில் நாற்பது வெள்ளெலிகள். இவற்றுக்கெல்லாம் தலைவர் பேராசிரியர். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர், சீமையில் படித்தவர். கோபம் வந்தாலும் வாயிலிருந்து 'ங்க' விழாமல் பேசமாட்டார். திட்டு வாங்கியவருக்கு அது திட்டு என்று புரிய அரை நிமிடம் ஆகும்.

எங்கள் ஆராய்ச்சி இதுதான். உடம்பில் ரத்தம் குறைந்தால், இன்னும் சிவப்பணுக்களைச் செய் என்று எலும்பு மஜ்ஜைக்கு ஒரு பொருள் சேதி கொண்டுபோகிறது. அது ரத்தசோகைக்காரர்களின் பிளாஸ்மாவில், அதாவது அணுக்களை நீக்கிய ரத்த நீரில், நிறைய இருக்கும். அந்தப் பிளாஸ்மாவைப் பட்டினி போட்ட எலிக்கு ஊசி மூலம் செலுத்துவோம். பட்டினி எலியின் மஜ்ஜை தூங்கிக்கிடக்கும். பிளாஸ்மாவில் சரக்கு இருந்தால் அது விழித்துக்கொண்டு இளம் சிவப்பணுக்களை வெளியே தள்ளும். நீலச் சாயம் போட்டால் அவற்றுக்குள் வலை போலத் தெரியும். ஆயிரம் அணுக்களில் எத்தனை வலைக்காரர்கள் என்று எண்ணிச் சொல்வது என் வேலை.

ரத்தசோகைக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை. ஈர வயலில் வெறுங்காலோடு நிற்பவர்களை, கால் வழியே புகுந்து குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு பார்த்துக்கொண்டது. பெண்கள் வார்டில் இரண்டு படுக்கைகளை எங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஆராய்ச்சிப் படுக்கை என்று பெயர். சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசம். ஒரே ஒரு ஏற்பாடு: அந்தப் படுக்கைக்கு மருந்து எப்போது தொடங்குவது என்பதைப் பேராசிரியர்தான் சொல்வார். மருந்து கொடுத்தால் ரத்தம் ஊறும்; ரத்தம் ஊறினால் பிளாஸ்மாவில் சரக்கு குறைந்துவிடும்.

2. பாவாத்தாள்

கொடுமுடிப் பக்கம் மஞ்சள் காட்டில் களை வெட்டும் பெண். வயது முப்பது இருக்கும். புருஷன் சென்னியப்பன் ஈரோட்டில் ரயில் மாறிக் கூட்டிவந்திருந்தான். நகம், உதடு, கண்ணின் உள்பக்கம் எல்லாம் காகித வெள்ளை. ஹீமோகுளோபின் நாலு கிராம். இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு.

"ஏனுங் அம்மணி, இந்த ரத்தத்தைப் பாத்துத்தான் மருந்து குடுப்பாங்களா?" என்று முதல் நாளே கேட்டாள்.

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கை விரலை மடக்கச் சொன்னேன்.

"எடுத்துக்கோங்க கண்ணு. சீக்கிரம் ஊட்டுக்குப் போவோணும். பால்குடி மறக்காத புள்ளைய மாமியாகிட்ட உட்டுப்போட்டு வந்திருக்கறேன்."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாற்பது மில்லி எடுத்தேன். நான்கு முறை எடுத்தாயிற்று.

முடிவுகள் பிரமாதமாக வந்தன. முதல் பிளாஸ்மாவுக்கு எலியின் இளம் அணுக்கள் இரண்டு மடங்கு கூடின. இரண்டாவதுக்கு மூன்று மடங்கு. அடுத்தடுத்து இன்னும் மேலே. வரைபடத்தாளில் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தேன். பேராசிரியர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாத்தீங்களாம்மா? எப்படி ஏறுது பாருங்க. எந்த ஊர்லயும் ஒரே ஆள்கிட்ட இப்படி வரிசையா எடுத்தவங்க இல்லீங்க. வியாழக்கிழமை அஞ்சாவது எடுத்துப்போடுங்க. ஒரு பேப்பருக்கு ஆச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்க மறந்துபோனேன்.

3. வியாழக்கிழமை

காலையில் வார்டுக்குப் போனபோது பாவாத்தாள் படுக்கவில்லை. முட்டியைக் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"படுத்தா நெஞ்சை அடைக்குதுங். உக்காந்தாத் தேவலை," என்றாள். அதைச் சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். கால் வீங்கியிருந்தது. கழுத்து நரம்பு துடிப்பதை எட்ட இருந்தே பார்க்க முடிந்தது.

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின் பார்த்தேன். மூன்றுக்குக் கொஞ்சம் மேல். குழாயைக் கழுவி மறுபடி பார்த்தேன். அதேதான்.

நோட்டைத் திறந்து பழைய கணக்குகளுக்குப் பக்கத்தில் அதை எழுதியபோதுதான் உறைத்தது. ஹீமோகுளோபின் ஒவ்வொரு தடவையும் இறங்கியிருந்தது. எலியின் கணக்கு ஒவ்வொரு தடவையும் ஏறியிருந்தது. அவள் பிளாஸ்மாவில் சரக்கு தானாகக் கூடவில்லை. புழு ஒரு பக்கம் உறிஞ்ச, நான் ஒரு பக்கம் உறிஞ்ச, அவள் உடம்பு ரத்தம் ரத்தம் என்று கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கத்தலைத்தான் நான் அளந்து, கோடு போட்டு, சந்தோஷப்பட்டேன்.

பேராசிரியரிடம் ஓடினேன்.

"பயப்படாதீங்கம்மா. இன்னைக்கு ஒண்ணு எடுத்துப்போட்டு, நாளைக்குக் காலைல மருந்து தொடங்கீரலாமுங்க. ஒரு நாள்ல என்னங்க ஆயிரும்?"

"மூச்சு வாங்குதுங்க சார்."

"அதனாலதானுங்க, மருந்துக்கு முந்தி இன்னைக்கே எடுக்கோணும்ங்கறேன். வேலை வேண்டாம்னா அதையும் சொல்லிப்போடுங்க."

வார்டுக்குத் திரும்பி நடந்தேன். ஊசி எடுத்தால் அவள் செத்துப்போவாள் என்று பயம். எடுக்காவிட்டால் வேலை போகும் என்று பயம். அப்பா ஓய்வு பெற்று, வீட்டில் என் சம்பளம் மட்டும்தான்.

என்னைக் கண்டதும் பாவாத்தாள் தானாகவே கையை நீட்டினாள்.

நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, கட்டிலின் காலடியில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்தேன். நாங்கள் எடுக்கும் ரத்தம் லேப் நோட்டில் மட்டும்தான் ஏறும், கேஸ் ஷீட்டில் ஏறாது. யாரும் ஒளிக்கவில்லை, அப்படியே பழகிவிட்டது. அதனால் வார்டு டாக்டரைப் பொறுத்தவரை அந்தப் படுக்கை 'கவனிப்பில்' இருந்தது, அவ்வளவுதான். நான் பேனாவைத் திறந்து நான்கு வரி எழுதினேன். தேதி, எடுத்த அளவு, அன்றைய ஹீமோகுளோபின். மொத்தம் நூற்றறுபது மில்லி, ஆராய்ச்சிக்காக. கடைசியில் இன்றைய மூச்சு வாங்கல். கீழே கையெழுத்து. மையால் எழுதியதற்கு வார்டு டாக்டர் பதில் சொல்லியாக வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி.

வார்டு சிஸ்டர் வாங்கிப் படித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "எழுதறதுக்கு உங்களுக்கு எட்டு நாள் ஆச்சாக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு டாக்டரின் அறைக்கு ஓடினார்.

அரை மணியில் ரத்தம் ஏற்றத் தொடங்கினார்கள். அந்த நிலையில் வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது. பிளாஸ்மாவை நீக்கிய அணுக்களை மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். நான் சாயங்காலம் வரை அந்தச் சொட்டுகளை எண்ணிக்கொண்டு சுவரோரம் நின்றேன். வேறு எதையும் எண்ண எனக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு அவள் தலையணையில் சாய்ந்து படுத்தாள். நெஞ்சை அடைக்கவில்லை.

மறுநாள் பேராசிரியர் கூப்பிட்டார்.

"யாரு உங்களை எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க சார்."

வரைபடத்தாளை மடித்தார். "நாலு புள்ளியோட பேப்பரை முடிச்சுக்கலாமுங்க," என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

4. கேள்வி

புழுவுக்கு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் கொடுத்து மூன்று வாரத்தில் அனுப்பினார்கள். மூட்டையோடு நின்ற பாவாத்தாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங் அம்மணி, அத்தனை ரத்தம் எடுத்துப் பாத்தீங்களே. என்ன இருந்துச்சுங் அதுல?"

பேராசிரியரிடம் நின்றபோதுகூட வராத அளவு பயம் அப்போது வந்தது. பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "அது உங்க வைத்தியத்துக்கு இல்லீங்க. எலிக்கு ஊசி போட்டோம்."

"எலிக்கா?"

"ஆமாங்க. ஆராய்ச்சிக்கு."

சென்னியப்பன் மூட்டையைக் கீழே வைத்தான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எலிகளுக்கு ரத்தம் ஊறுச்சுங்களா?"

"ஊறுச்சுங்க."

"அப்ப எனக்கு முந்தி அதுகளுக்குக் கொணமாயிருச்சாக்கும்," என்றாள். திட்டவில்லை. மூட்டையை அவளே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அவளிடம் எடுத்த ரத்தம் வீணாகிவிடுமோ என்ற பயத்தில்தான் இந்தத் துறையிலேயே தங்கிவிட்டேன். மஜ்ஜைக்குச் சேதி சொல்லும் அந்தப் பொருள் இன்று குப்பியில் கிடைக்கிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் போடுகிறார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளே, உங்களுக்கு என்னால் சொல்ல முடிவது ஒன்றுதான். ஊசி குத்துமுன், இது யாருக்காக என்று படுத்திருப்பவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கும். இழுத்துக்கொள்ளட்டும். கை அவர்களுடையது.