சுயம்புவுக்கு வைத்த கிரேக்கப் பெயர்

பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப் முகப்பில் பிரம்மநாயகத்தின் டீக்கடை. அதை ஒட்டிய தகரச் சார்ப்பில் சுயம்பு ஸ்டவ் ரிப்பேர் செய்துவந்தார். திருநெல்வேலிக்குத் தெற்கே வள்ளியூர்ப் பக்கத்தவர். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போனது.

மதியம் அவர் மனைவி சண்முகவடிவு தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருவாள். நல்ல உயரம், நல்ல நிறம். அவள் சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். இவளை இந்தக் காலுக்குக் கொடுத்தார்களே என்று நினைக்காதவர் கேம்ப்பில் குறைவு. ராத்திரி அந்தக் காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவள் அவள்தான் என்பது யாருக்கும் தெரியாது.

1964-ல் பம்பாய்த் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை ஒன்று வந்தது. எழுதியவர் வெங்கடேஸ்வரன், மாட்டுங்காவில் குடியிருந்த ஆபீஸ் குமாஸ்தா. கிரேக்கப் புராணத்தைக் கரைத்துக் குடித்தவர். பழைய கிரேக்கத் தெய்வங்கள் பம்பாயில் மனிதர்களாக நடமாடுகிறார்கள் என்பது அவர் கதை. சுயம்புவிடம் இரண்டு தடவை ஸ்டவ் ரிப்பேருக்கு வந்திருக்கிறார். அவ்வளவுதான் பழக்கம்.

கேம்ப்பில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஞாயிறு காலையில் பிரம்மநாயகம் பெஞ்சு மேல் உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் அத்தியாயம் வந்தது. கிரேக்கரின் நொண்டிக் கொல்லன் ஹெபாயிஸ்டஸ், பம்பாயில் ஸ்டவ் பழுது பார்க்கிறான். அவன் மனைவி கடல் நுரையில் பிறந்த அழகி அஃப்ரோடைட்டி. மதியம் தூக்குச்சட்டியோடு வருகிறாள். டீ குடிக்கும் காக்கிச்சட்டை யுத்த தேவன் அவளைக் கண்ணெடுக்காமல் பார்க்கிறான்.

"லேய், இது நம்ம சுயம்பு கடையில்லா!" என்றது ஒரு குரல்.

எல்லாரும் செல்லப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். சீனச் சண்டைக்குப் பிறகு பட்டாளத்திலிருந்து வந்து, தாராவித் தோல்கிடங்கு ஒன்றில் லாரி ஓட்டுகிறவன். காக்கியை இன்னும் விடவில்லை.

"நான் யுத்த தேவனாம்வே! பிரம்மநாயகம் அண்ணாச்சி, ஒரு ஸ்பெஷல் டீ போடும், தேவன் கணக்குல" என்றான் அவன். கூட்டம் சிரித்தது. சுயம்புவும் சிரித்தார். அச்சில் வந்துவிட்டோம் என்று முதல் வாரம் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த வாரம் அஃப்ரோடைட்டி யுத்த தேவனைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கடுத்த வாரம், கொல்லன் கடையில் இருக்கும் நேரம் பார்த்து யுத்த தேவன் வீட்டுக்குள் வந்தான். அன்றிலிருந்து கேலியின் ருசி மாறியது.

"என்ன சுயம்பு, நீ பாட்டுக்குக் கடையில உக்காந்திருக்க, வீட்டுல ஆரு?"

"அதான் பட்டாளம் காவல் இருக்குல்லா!"

பம்பாயில் பிறந்த பிள்ளைகள், உன் பெண்டாட்டி எங்கே என்று இந்தியில் கத்திக்கொண்டு ஓடின: "ஏ பாயிஸ்டஸ், பீவி கிதர்?"

சுயம்புவுக்கு ஒரே ஒரு சொல் வேண்டியிருந்தது. 'அது பொய், நானாக் கட்டினது' என்று எழுதியவர் வாயிலிருந்து ஒரு சொல். அதை டீக்கடையில் வந்து சொல்லிவிட்டால் போதும். சனிக்கிழமை மத்தியானம் வெங்கடேஸ்வரன் வீட்டு மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார்.

"வா, சுயம்பு! வந்தது வந்தே, இந்த ஸ்டவ்வையும் பார்த்துடு" என்றார் வெங்கடேஸ்வரன்.

சுயம்பு வாசலிலேயே உட்கார்ந்து பர்னரைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "சாமி, அந்தக் கதை... அதெல்லாம் நீங்களாக் கட்டுனதுதான?"

வெங்கடேஸ்வரனுக்கு அது சுட்டது. கிரேக்கம் தெரியாமல் இட்டுக்கட்டுகிறார் என்று பத்திரிகைக்கு யாரோ எழுதிப்போட்ட காரம் இன்னும் ஆறவில்லை.

"நானா? ஒரு வரி நான் கட்டலே. மூவாயிரம் வருஷமா உள்ள கதை. கொல்லன், பெண்டாட்டி, கள்ளப் புருஷன், எல்லாம் இருந்தது இருந்தபடி. நாளைக்கு வர்றதைக் கேட்டியானா அசந்துடுவே! கொல்லன் கண்ணுக்குத் தெரியாத வலை பின்னி ரெண்டு பேரையும் கட்டிலோட பிடிக்கறான். தேவர்கள் கூடி நின்னு சிரிக்கறா."

"அதை மாத்த முடியாதா சாமி?"

"எப்படி மாத்தறது? நடந்தது நடந்ததுதானே!"

படிப்பாளி தன் படிப்பைக் காப்பாற்றச் சொன்ன சொல் அது. கேட்டவர் காது வேறு. சுயம்பு ஊர்க் கோயில் கொடைவிழாவில் வில்லடித்துப் பாடுகிற சாமிகளெல்லாம் ஒரு காலத்தில் மனிதர்களாக இருந்து, வெட்டுப்பட்டும் ஏமாந்தும் செத்தவர்கள். அந்தக் கதையில் பொய் கிடையாது. பாதியில் நிறுத்தவும் கூடாது. நடக்காததைச் சாமி கதையாக எவன் பாடுவான்? பெரியவருக்கு எங்கிருந்தோ சேதி எட்டியிருக்கிறது, சாமி பேரைப் போட்டு மறைத்துச் சொல்கிறார். சுயம்பு அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காட்டிவிட்டு இறங்கினார்.

வீட்டில் சண்முகவடிவு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"செல்லப்பாண்டி இங்க எத்தன நாளா வாரான்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆரு சொன்னா?"

"சாமியே சொல்லிட்டாரு. கட்டுன கதை இல்லையாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருக்கோடி வரை கேட்கிற அதே சிரிப்பு. "கோட்டி பிடிச்சிட்டா ஒங்களுக்கு? ஏதோ சீமைச் சாமிக்கு நடந்ததுக்கு..."

முடிக்கவில்லை. அந்தச் சிரிப்பு பத்திரிகையில் வந்த சிரிப்பு. சுயம்பு கையில் இருந்தது ஸ்டவ் மரை திருகும் இரும்பு ஸ்பானர். ஒரே அடி. தாடையில் பட்டது. அவள் அரிசிப் பானைக்குள் ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை பிரம்மநாயகம் வலை அத்தியாயத்தை ராகம் போட்டுப் படித்தார். தேவர்கள் சிரிக்கிற இடம் வந்தபோது சண்முகவடிவு வீங்கிய முகத்தோடு குழாயடிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"வலை விழுந்திட்டு போலிருக்கேவே!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செல்லப்பாண்டி மட்டும் எழுந்து போனான். போனதையும் குற்றத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். அவள் குடம் நிறையும் வரை நின்று, நிறைந்த பிறகு தூக்கிக்கொண்டு அதே வழியில் திரும்பினாள்.

சாயங்காலம் செம்பூரிலிருந்து அவள் அண்ணன் கணேசபாண்டியன் அவளைக் கூட்டிப்போக வந்தான். ஒரு டிரங்குப் பெட்டிதான் சாமான். நிலைப்படியில் நின்று அவள் சொன்னாள், வாய் சரியாகத் திறக்காததால் மெல்ல: "அந்தக் கதைய எழுதுனவருக்கு எம் பேருகூடத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்லா."

சுயம்பு ஒரு வருஷம் கழித்துச் செம்பூருக்குப் போய்த் தெருமுனையில் நின்று பார்த்தார். அவள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். தாடை எலும்பு ஒருபக்கம் கோணலாகக் கூடியிருந்தது. அண்ணன் பிள்ளை ஏதோ வேடிக்கை காட்ட, புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுயம்பு திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்தார்.

1967-ல் தொடர்கதை புத்தகமாக வந்தது. வெங்கடேஸ்வரன் ஒரு பிரதியில் கையெழுத்திட்டு எடுத்துவந்தார், மறுகையில் ஸ்டவ்.

"எல்லாரும் உன் அத்தியாயத்தைத்தான் புகழறா. எங்கே, சாப்பாடு கொண்டு வருவாளே உன் சம்சாரம்?"

"ஒங்களுக்குத் தெரியாததா சாமி."

அவருக்குப் புரியவில்லை. சுயம்பு வாஷரை மாற்றிக்கொண்டே கேட்டார். "அந்த வலையில மாட்டுனவ, பெறவு என்ன ஆனா?"

"அவளுக்கென்ன? தன் தீவுக்குப் போனாள், குளிச்சாள், பழையபடி அழகாயிட்டாள். தேவதையில்லையா!"

சுயம்பு ஸ்டவ்வைத் திருகி மூடினார். "அது மட்டும் நீங்க கட்டுனது சாமி" என்றார். பிறகு பம்பு அடிக்கத் தொடங்கினார்.