வெட்டுக்கிளி ஸ்டாப்பர் ஆனாள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணை மைதானத்தில் எல்லோரும் வெட்டுக்கிளி என்றுதான் கூப்பிட்டார்கள். ஊழியர்களின் மகளிர் கால்பந்து அணியில் பதினொரு வருஷம் முன்வரிசை ஆட்டக்காரி. பந்து எங்கே விழும் என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரே தாவில் அங்கே போய் நிற்பாள். கோல் போட்டால்கூடச் சத்தம் போடமாட்டாள். திரும்பி நடந்து வந்துவிடுவாள்.

முப்பத்து நாலாவது வயதில் வலது முழங்கால் வீங்கியது. இரண்டு மாதம் ஓய்வு. திரும்பி வந்தபோது அவள் இடத்தில் வரவேற்பு மேசைப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது, காற்று மாதிரி வேகம்.

பயிற்சியாளர் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவள். எல்லோருக்கும் எக்ஸ்ரே அக்கா. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"நீ இனிமே ஸ்டாப்பர். பின்னாடி நில்லு."

கோல்கீப்பருக்கு முன்னால் கடைசிக் காவலாக நிற்கிற இடம் அது. வெட்டுக்கிளிக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்னை ஓரங்கட்டுறீங்களா அக்கா?"

"ஓரங்கட்டணும்னா பெஞ்சுல உக்கார வெச்சிருப்பேன். போன வருஷம் முப்பத்தோரு கோல் வாங்கியிருக்கோம். எதிராளி எப்ப எங்க நுழைவான்னு தெரிஞ்ச ஒருத்தி பின்னாடி எனக்கு வேணும். பதினொரு வருஷம் நுழைஞ்சவ நீதானே?"

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்தாள். பஸ் டிரைவரான கணவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பின்னாடி நின்னா பந்து வராதா என்ன?" என்றான்.

"வரும். கோல் போட முடியாதே!"

"அடுத்தவங்களைப் போட விடாம பண்ணலாம்ல?"

மறுநாள் காலையில் வாசலில் செருப்பு மாட்டும்போது, "சரி, ஒரு கை பாத்துடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் ஆட்டம் துணி ஆலை அணியோடு. பந்தைக் கண்டதும் பழக்கதோஷத்தில் முன்னால் பாய்ந்தாள். அவள் விட்டுவிட்டுப் போன இடம் திறந்த வீடு மாதிரி கிடந்தது. நாலு கோல். நாலாவது அவள் காலிலேயே பட்டு உள்ளே போனது. கோல்கீப்பர் ஆஸ்பத்திரிச் சமையல்காரி, ஆஜானுபாகுவான பெண். வெட்டுக்கிளியின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அடியே, நீ எங்க நிக்கிறே, நான் எங்க நிக்கணும், ஒண்ணும் தெரியல. வாயத் தொறந்து கத்தேன்! வாய்க்கென்ன பூட்டா போட்டிருக்கே?"

பூட்டுத்தான். சலவைக்கூடத்தில் ஒன்பது மெஷின்கள் ஒரே நேரத்தில் இரையும். அங்கே பேச்சே கிடையாது. இரண்டு விரல் காட்டினால் படுக்கை விரிப்பு, கையை மடக்கினால் மெஷினை நிறுத்து. முன்வரிசையிலும் அவளுக்கு வாய் தேவைப்படவில்லை. பின்னால் நிற்பவளோ பத்துப் பேரை நகர்த்த வேண்டும்.

திங்கட்கிழமை மெஷின் இரைச்சலுக்கு நடுவே அடிவயிற்றிலிருந்து, "விடு! ஏறு! இடது பக்கம்!" என்று கத்தினாள். அவள் கை மாட்டிக்கொண்டது என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவள் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள். மெஷின் நின்றது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"யாருக்கு அடி?"

"யாருக்கும் இல்ல சார். பழகுறேன்."

"எதை?"

"கத்துறதை."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அவள் நிறுத்தவில்லை. ஈரத்துணி வண்டியைத் தள்ளாமல், பின்பக்கமாக நடந்து இழுத்தாள். பின்னால் போகக் கால் பழக வேண்டுமே. மாலையில் வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் நின்றுகொள்வாள். கணவன் மாடிப்படியிலிருந்து பந்தை எறிவான், அவள் தலையால் முட்டுவாள். முதல் பந்து மூக்கில் விழுந்தது.

"கண்ணை மூடாத!"

"நீங்க வந்து முட்டிப் பாருங்க, தெரியும்!"

அவனும் இறங்கி வந்து முட்டினான். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். மூன்று நாள் பஸ்ஸில் ஏறியவர்களெல்லாம் வீட்டில் சண்டையா என்று விசாரித்தார்கள்.

அடுத்த ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினார்கள். அதற்கடுத்து ஒன்று. பிறகு ஒன்றுமில்லாமல் ஓர் ஆட்டம். லீக்கின் கடைசி ஆட்டத்தில் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். டிரா செய்தால் பிழைத்துக்கொள்ளலாம். எதிரில் வந்தது கணவனின் பஸ் டிப்போ அணி. அவன் யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக் கூட்டத்தின் நடுவில் ஒளிந்து உட்கார்ந்தான்.

டிப்போ அணியின் முன்வரிசையில் நெட்டையான கண்டக்டர் பெண் ஒருத்தி. வெட்டுக்கிளி அவளை முதல் பாதி முழுக்கக் கவனித்தாள். வலது பக்கம் வெட்டித் திரும்புமுன் ஒவ்வொரு தடவையும் இடது தோள் லேசாக இறங்கியது. தானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஏமாற்றினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது பந்து உருண்டு அவள் காலுக்கே வந்தது. முன்னால் மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. கால் தானாக ஓடியது. இரண்டு எட்டு, மூன்று எட்டு. நின்றாள். பந்தை வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு நீளமாக அடித்துவிட்டுத் திரும்பித் தன் இடத்துக்கே ஓடினாள்.

அந்தப் பெண் அடித்த பந்து கம்பத்தில் மோதித் தெறித்தது. அடுத்த நொடி டிப்போக்காரர்கள் அதை உதைத்து அனுப்ப, கண்டக்டர் தனியாகப் பறந்து வந்தாள்.

"சமையலக்கா, நகராதே! நான் பாத்துக்கிறேன்!"

இடது தோள் இறங்கியது. வெட்டுக்கிளி எதிர்ப்பக்கம் விழுந்தாள். பந்து தொடையில் பட்டு வெளியே போனது. தொடை தீயாய் எரிந்தது. விழுந்த இடத்திலிருந்தே, "கார்னர்! எல்லாரும் உள்ள வாங்க!" என்று கத்தினாள்.

கோல் எதுவும் இல்லாமல் கடைசி விசில் ஒலித்தது. சமையல்காரி அவளை மூட்டை மாதிரி தூக்கிச் சுற்றினாள்.

வரவேற்பு மேசைப் பெண் அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். "முன்னாடி இடம் காலியா இருக்கு. வர்றியா?" என்று எக்ஸ்ரே அக்கா கேட்டாள்.

வெட்டுக்கிளி ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அன்றிரவு அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. ஆசை முழுக்க விட்டுப்போயிருக்கவில்லை. மறுநாள் போய், "வேற ஆளைப் பாருங்க அக்கா. பின்னாடி இன்னும் நான் பழக வேண்டியது இருக்கு" என்றாள்.

அடுத்த ஐந்து வருஷமும் அவள் ஆடியது அந்த இடத்தில்தான். அணி ஒரு முறைகூடக் கோப்பை வாங்கவில்லை. கீழ்ப் பிரிவுக்கும் இறங்கவில்லை.