கூட்டிய ஒரு மணி நேரம்

லெம்பி ஹாப்பலாவுக்குக் கோபம் வந்தால் பசிபிக் பெருங்கடல் இரண்டு முழம் உள்வாங்கும். திமிங்கலங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளும். கரையோரத்து மரங்கள் நிமிர்ந்து நிற்கும். அலாஸ்கா வரைக்கும் உள்ள பனிமலைகளில் ஒன்றுக்காவது வியர்க்கும். கடல் ஏறி இறங்குவதற்கு நிலாதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தோடு சிலருக்குப் பள்ளிக்கூடமே முடிந்துபோனது வேறு விஷயம். கெட்டில் குடாவில் யாரைக் கேட்டாலும் உண்மை தெரியும்: நிலா சும்மா வேடிக்கை பார்க்கிறது, வேலை செய்வது லெம்பியின் வாய்.

தாத்தன்மார் கப்பலேறி வந்த ஃபின்லாந்தின் பேச்சில் லெம்பி என்றால் அன்பு. பெயர் வைத்த அம்மாவுக்குத் தன் பிழை புரிய அதிக நாள் ஆகவில்லை, குழந்தைக்குச் சீக்கிரமே பல் முளைத்தது.

குய்க்கா அவளுடைய இழுவைப்படகு. குட்டை, தடிமன், மழையில் ஊறிய எருமை மாதிரிக் கறுப்பு. படகைவிட எஞ்சின் பெரிது, எஞ்சினைவிட லெம்பியின் குரல் பெரிது. வெட்டிய மரங்களைக் கட்டி இழுப்பாள், சரளைக்கல் ஏற்றிய மிதவைகளை இழுப்பாள், சில சமயம் வீடுகளையும் இழுப்பாள். கெட்டில் குடாவில் வீடுகள் தரையில் கிடையாது. மரத்தெப்பத்தின் மேல் கட்டி, கரையில் கயிறு போட்டு நிறுத்தியவை. தண்ணீர் ஏறினால் வீடும் ஏறும், இறங்கினால் இறங்கும். அடுப்பில் கொதிக்கிற காபிக்கு இதெல்லாம் தெரியாது.

படகில் கயிறு பிடிக்கிறவன் ரெய்னோ. ஒரு காலத்தில் அவளுடைய புருஷன். விவாகரத்தில் நாய் அவனுக்கு, சமையல் பாத்திரம் அவளுக்கு என்று பிரிந்தது. வேலையைப் பிரிக்க நீதிபதிக்கு வழி தெரியவில்லை. அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே முடிச்சுப் போட அவனைத் தவிர இந்தக் கரையில் ஆள் இல்லை. "கட்டில்ல கேட்டதுக்குச் சம்பளம் இல்ல. இங்க அதுக்குச் சம்பளம் வருது" என்பான் ரெய்னோ.

போன வருஷம் குடாவின் கரையை ஒரு விடுதிக் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. தண்ணீரில் இறங்கும் விமானத்தில் வந்து, சால்மன் பிடித்து, அதோடு படம் எடுத்துக்கொண்டு, மீனை மறுபடி கடலில் விட்டுவிடுகிறவர்களுக்கான விடுதி. அவர்களுடைய ஜன்னலிலிருந்து பார்த்தால் ஐலி டோர்வினனின் துணிக்கொடி தெரியும். அதனால் ஐலி போக வேண்டும். அவள் மட்டுமல்ல, குடாவில் கட்டியிருந்த எல்லா வீடுகளும். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தெற்கே, நகரத்துப் பக்கம், சாக்கடை வாடை அடிக்கும் ஒரு படகுத்துறைக்குப் போனார்கள். மிஞ்சியது ஐலியின் வீடும், இதை எழுதுகிற ஆள் எண்ணெய் ஊற்றுகிற, ரேடியோ வைத்த மிதக்கும் டீசல் பங்க்கும். பங்க்கை விடுதிக்காரர்கள் விட்டுவைத்தார்கள். விமானத்துக்கும் எண்ணெய் வேண்டுமே.

ஐலி மரம் வெட்டுகிறவர்களின் முகாமில் சமையல்காரி. லெம்பியும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே நாளில் வெளியே துரத்தப்பட்டவர்கள். உத்தரவு வந்த அன்றைக்கு லெம்பி குய்க்காவின் சமையலறையில் மூன்று கோப்பைகளை உடைத்தாள். நான்காவதை ரெய்னோ பிடுங்கிக்கொண்டான்.

"நம்ம தாத்தனுங்க மட்டும் யாரைக் கேட்டு இங்க வந்து கட்டினானுங்க?" என்றான். "இந்தக் கரைக்குச் சொந்தக்காரங்க, பூர்வகுடிங்க, அப்பவும் எதிர்லதான் நின்னுட்டிருந்தாங்க."

"அதுக்கும் கோபப்படுவேன். இப்ப வரிசைல இது முன்னாடி நிக்குது" என்றாள் லெம்பி.

ஐலியின் வீட்டை இழுக்கிற வேலையை விடுதி லெம்பியிடமே கொடுத்தது. இழுக்க மாட்டேன் என்று சொல்லத்தான் போனாள். ஐலி விடவில்லை. நீ மறுத்தால் தெற்கிலிருந்து எவனையாவது கூப்பிடுவார்கள், கிரைண்டர் இடுக்கை ஒரு தடவைகூடத் தாண்டாதவன் வந்து என் வீட்டைப் பாறையில் அரைத்துவிடுவான் என்றாள். குடாவிலிருந்து எங்கே போவதானாலும் அந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர். கடல் முழுவதும் அதன் வழியாக உள்ளே ஓடி, மறுபடி வெளியே ஓடும். உள்ளே ஓடுவதற்கும் வெளியே ஓடுவதற்கும் இடையில் கொஞ்ச நேரம் தண்ணீர் அசையாமல் நிற்கும். அதற்கு இங்கே "நின்ன தண்ணி" என்று பெயர். வீட்டை இழுத்துக்கொண்டு தாண்டுவதென்றால் அப்போது தாண்ட வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.

"வீடு போறதுதான் போகுது. உன் கையால போகட்டும்டி" என்றாள் ஐலி.

குறித்த நாளில் விடுதியின் ஆள் ஒருவன் டீசல் பங்க்கில் வந்து நின்றான். பிரைஸ் என்று பெயர். வயது முப்பது இருக்கும், புதுச் சட்டை, ஈரம் படாத பூட்ஸ். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். அவனை என்ன செய்வதென்று தெரியாமல் லெம்பி முதலில் ஒன்றும் செய்யவில்லை. சுக்கான் அறை வாசலில் நின்று, ஓதம் ஏறி இறங்கும் நேரம் அச்சடித்த சின்னப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

பிரைஸ் கெட்டவனில்லை. அதுதான் கெடுத்தது. "மேடம், உங்க மனசு எனக்குப் புரியுது" என்றான்.

புத்தகம் பறந்தது. அவன் நெஞ்சில் பட்டு, பலகையில் ஒரு தடவை குதித்து, தண்ணீரில் விழுந்தது. ஒரு கடற்காகம் அதை மீன் என்று நினைத்து வந்து, பார்த்துவிட்டு, ஏமாந்து திரும்பியது. ரெய்னோ கொக்கிக் கழியோடு ஓடி வருவதற்குள் புத்தகம் முங்கிவிட்டது.

இனி நேரம் யாரிடம் கேட்பது? பங்க்கில் இருக்கும் புத்தகத்தைக் கேட்கலாம். ஆனால் எறிந்த கையோடு போய்க் கேட்பது லெம்பியின் கௌரவத்துக்கு ஒத்துவரவில்லை. எறிபட்டவனிடம் கேட்பது ஏனோ ஒத்துவந்தது.

"தம்பி, கிரைண்டர்ல தண்ணி எப்ப நிக்குது? உன் போன்ல பாரு."

"பன்னிரண்டே கால், மேடம்" என்றான், நெஞ்சைத் தடவிக்கொண்டே.

இங்கேதான் ஒரு விஷயம். அந்தப் புத்தகத்தில் வருஷம் முழுக்கக் குளிர்கால நேரம்தான் அச்சாகும். வசந்தத்தில் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும், புத்தகம் மட்டும் தள்ளாது. அதனால் இந்தக் கரையில் பிறந்தவர்கள் கோடை முழுக்கப் புத்தகத்தில் பார்த்த நேரத்தோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வார்கள். யாரும் யோசித்துக் கூட்டுவதில்லை. சட்டைக்குப் பொத்தான் போடுகிற மாதிரி கை தானாகப் போடும். லெம்பியின் கையும் போட்டது. பன்னிரண்டே காலோடு ஒன்று, ஒன்றே கால்.

பிரைஸின் போன் அந்த ஒன்றை ஏற்கெனவே கூட்டியிருந்தது.

நேரம் இருக்கிறதே என்று லெம்பி ஐலியின் வீட்டில் போய் உட்கார்ந்தாள். ஐலி ஏலக்காய் ரொட்டி சுட்டிருந்தாள். இரண்டு பேரும் அந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு விடுதியை, குத்தகையை, குத்தகைக்கு விட்டவர்களை, அவர்களைப் பெற்றவர்களை வரிசையாகத் திட்டினார்கள். அவ்வளவு ருசியான ஒரு மணி நேரம் லெம்பிக்குப் பல வருஷமாக வாய்த்ததில்லை. எழுந்தபோது, நீ படகுக்கு வா என்று ஐலியைக் கூப்பிட்டாள். என் வீடு போகும்போது நான் உள்ளேதான் இருப்பேன் என்றாள் ஐலி.

குய்க்கா கயிற்றை இழுத்தது. வீடு அசைந்து, துணிக்கொடியோடும் தொட்டிச் செடிகளோடும் பின்னால் வந்தது.

இடுக்கு கண்ணுக்குத் தெரிந்ததும் பின்தளத்திலிருந்து ரெய்னோ சொன்னான்: "லெம்பி, பாசி படுத்திருக்கு."

நின்ன தண்ணியில் கடற்பாசி நேராக நிற்கும். இங்கே ஒவ்வொரு கொடியும் வெளிக்கடல் பக்கம் தலை சாய்த்து, நீட்டிப் படுத்திருந்தது. லெம்பி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பத்து. பாசியைப் பார்த்தாள். பொய் சொல்வது கடிகாரம் இல்லை, பாசியும் இல்லை. பிசகியது அவள் கூட்டிய அந்த ஒன்று.

அதற்குள் வெளியே ஓடுகிற வற்றோட்டம் வீட்டைப் பிடித்துவிட்டது. இழுக்கிறவரைக்கும் வீடு பின்னால் வரும். ஓட்டம் பிடித்துவிட்டால் வீடு படகைத் துரத்தும். கயிறு தொய்ந்தது. ஐலியின் சமையலறை ஜன்னல் குய்க்காவின் பக்கவாட்டில் மெல்ல முந்திக்கொண்டு வந்தது. உள்ளே ஐலி இரண்டு கையாலும் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது தெரிந்தது. இந்த வேகத்தில் கயிறு விறைத்தால் குய்க்காவைப் பக்கவாட்டில் கவிழ்த்துவிடும். அப்போது கயிற்றை வெட்டிவிட எல்லா இழுவைப்படகிலும் பின்தளத்தில் ஒரு கோடாலி உண்டு.

ரெய்னோ அதை எடுத்துவிட்டான். "வெட்டவா?"

"வெட்டினே, உன் கையை வெட்டிடுவேன்."

"லெம்பி, நாம கவுந்துடுவோம்."

"அவ உள்ள இருக்கா."

ரெய்னோ கோடாலியைக் கீழே போட்டான்.

இடுக்கின் வாய்க்குச் சற்று முன்னால் இடது பக்கம் ஒரு மூக்குப்பாறை உண்டு. அதற்குப் பின்னால் தண்ணீர் சுழன்று எதிர்ப்பக்கம் ஓடும். லெம்பி எஞ்சினை அலறவிட்டு வீட்டுக்குப் பக்கத்தில் போய், படகின் முகத்தைத் தெப்பத்தில் அழுத்தி, இழுப்பதை விட்டுவிட்டுத் தள்ளினாள். தெப்பத்து மரம் ஒன்று பிளந்தது. துணிக்கொடிக் கம்பம் ஒடிந்து அவளுடைய கண்ணாடியில் மோதியது. தொய்ந்த கயிறு சுழல் விசிறியில் சிக்காமல் இருக்க ரெய்னோ கையால் வாரி இழுத்தான். அந்த நேரம் வீடு தெப்பத்தோடு சுழன்றது. கயிறு ஒரே நொடியில் விறைத்து, இரும்புக் கட்டையோடு அவன் இடது கையை நசுக்கியது. அவன் கத்தவில்லை. கத்தினால் அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று அப்புறம் சொன்னான்.

வீடு எதிர்ச்சுழலுக்குள் நழுவி, மட்டிக் குடா என்கிற சின்னக் குடைவுக்குள் போய், கரைமரங்களில் கட்டுப்பட்டு நின்றது. அதன் பிறகுதான் லெம்பி பின்தளத்தைப் பார்த்தாள். ரெய்னோவின் இரண்டு விரல்கள் விரல்களாக இல்லை.

அந்தக் கரை முழுவதும் அவளுடைய கோபத்தைப் பார்த்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்தது வேறு. யாரையும் திட்டாமல் ஒரு துணியைக் கிழித்து அவன் கையைக் கட்டினாள். கட்டிக்கொண்டே தன் தலையைச் சுக்கான் அறைக் கதவில் இடித்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. மூன்றாவது தடவைக்கு ரெய்னோ நல்ல கையைக் குறுக்கே வைத்தான்.

"போதும் கேப்டனம்மா. கதவு பாவம்."

அவனை விமானத்தில் ஏற்றிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஐலி தனியாக இருந்தாள். அடுத்த வற்றில் வீடு சேற்றில் உட்கார்ந்து சாய்ந்தது, கெட்டில் மேஜையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தது.

மட்டிக் குடா விடுதியின் குத்தகைக்குள் வராது. அது டெல்மர் என்கிற பூர்வகுடிப் பெரியவரின் ஊர்க்காரர்களுடையது, அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன் மட்டி தோண்டிய இடம். டெல்மர் அலுமினியப் படகில் வந்து, சாய்ந்த வீட்டையும் ஐலியையும் மாறி மாறிப் பார்த்தார். ஐலி அவரைப் படியேற்றி, ரொட்டி வைத்து, இங்கே இருக்கலாமா என்று கேட்டாள்.

"எத்தனையோ பேரு வந்து கட்டியாச்சு. கேட்டது நீதான் மொதல்ல" என்றார் டெல்மர். "மட்டிப் படுகையை மிதிக்காம இரு. ஊர்ல பேசிட்டுச் சொல்றேன்." பேசிவிட்டு, இருக்கச் சொன்னார்.

ஆனால் பிரைஸின் உத்தரவில் படகுத்துறை என்றுதான் எழுதியிருந்தது. வீடு அங்கே போய்ச் சேரும்வரை அவனுக்கு வேலை முடியாது. இழுக்கிற கேப்டன் ஆபத்து என்று சொன்னால் யாரும் இழுக்கச் சொல்ல முடியாது, அது சட்டம். அதனால் தினமும் ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்டான், இன்றைக்கு இழுக்கலாமா என்று. தினமும் லெம்பியின் குரல் பதில் சொன்னது: "தண்ணி இன்னும் நிக்கல, தம்பி." தண்ணீர் ஒரு நாளைக்கு நாலு தடவை நிற்கும் என்று அவன் சொன்னதற்கு, அது நிற்கிறதில்லை, மூச்சு வாங்குது, வித்தியாசம் தெரியாத ஆளெல்லாம் கரையில் இருக்கணும் என்று அந்தக் குரல் அவன் பூட்ஸ் வரைக்கும் இறங்கித் திட்டியது. கோடை முடிவதற்குள் பிரைஸ் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஐலியின் துணிக்கொடி மட்டிக் குடாவில் பறக்கிறது.

லெம்பி வேண்டுமென்றேதான் நேரத்தைப் பிசகவிட்டாள், கடலே அவளுக்குக் கட்டுப்பட்டது என்று இந்தக் கரையில் பேச்சு. இங்கேயும் அப்படித்தான் முடிவதாக இருந்தது. ஆனால் டீசல் போட வந்த லெம்பி பங்க்கில் கிடந்த இந்தக் காகிதங்களை எடுத்து, ரெய்னோ குழாயை மூன்று விரலால் பிடித்துக்கொண்டு நிற்க, நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"மொத வரி பொய்" என்றாள். "கடல் எனக்காக ஒரு விரக்கடைகூட நகர்ந்ததில்ல. வேணும்னே பண்ணலை. ஆத்திரத்துல ஒண்ணைக் கூட்டிட்டேன், இவன் விரல் போச்சு. அதை அப்படியே எழுது."

எழுதியாகிவிட்டது.

அவள் போகவில்லை. ரேடியோவைப் பார்த்தாள், பிறகு எழுதிய ஆளைப் பார்த்தாள்.

"ரெய்னோவோட நான் ஆஸ்பத்திரில இருந்தேன்ல, அப்பவும் தினம் என் குரல் பிரைஸைத் திட்டியிருக்கு. அந்தப் பையனே சொன்னான். நல்லாத்தான் திட்டியிருக்கு, இப்ப நான் திட்டுறதுக்கே அதுல பாதியை எடுத்துக்கிட்டேன். ஆனா ஒரு நாள் கடைசியில, 'ஐலியை விட்டுருங்க, தயவுசெஞ்சு'ன்னு சொல்லிச்சாமே." காகிதங்களைக் கவுண்டரில் வைத்தாள். "நான் பொறந்ததுலேர்ந்து அந்த வார்த்தையைச் சொன்னதில்ல."