மாத்திரையில் சேராத மாத்திரை

என்னை மாதிரி ஒரு முட்டாளைத் திருப்பதியிலிருந்து சித்தூர் வரைக்கும் தேடினாலும் கிடைக்காது. "வேற ஏதாச்சும் மாத்திரை போடறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, சட்டைப் பையில் கேஸ் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டே "இல்ல சார்" என்றேன். பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கேஸ் மாத்திரையை யாரும் மாத்திரையில் சேர்ப்பதில்லை. எதை விழுங்குவதானாலும் முன்னால் அதைப் போட்டுக்கொள்வோம், தயிர்சாதத்துக்கு ஊறுகாய் மாதிரி.

எனக்கு ஹெபடைடிஸ் சி. கல்லீரலைக் கெடுக்கிற கிருமி. மூன்று மாதம் மாத்திரை, அப்புறம் மூன்று மாதம் காத்திருந்து ரத்தப் பரிசோதனை. யாருக்குக் கிருமி போகும் என்று டாக்டர் முன்கூட்டியே ஓரளவு கணிப்பார். என் கல்லீரல் இறுகிவிட்டதாம், உதட்டைப் பிதுக்கினார். விஜயபுரத்திலிருந்து இதே நோயோடு வந்த, வேர்க்கடலைக் காட்டில் கூலி வேலை செய்கிற பெண்ணிடம், "தப்பகுண்டா தக்குதுந்தம்மா" என்றார். தெலுங்கில், நிச்சயம் குணமாகும் என்று அர்த்தம்.

நான் சும்மா இருப்பேனா? ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்தே கணிக்க ஆரம்பித்தேன்.

"அதோ, அந்த லாரி டிரைவர் ஃபெயிலு. நானு கிரேஸ் மார்க்கு. நீ பாஸும்மா."

"உனுக்கு டோக்கன் நம்பரே சரியா படிக்கத் தெரில, டாக்டர் வேலை வேறயாண்ணா?" என்று விஜயபுரத்துப் பெண் சிரித்தாள். பிறகு மெதுவாக, "பாஸானா மொதல்ல பாப்பாவுக்கு நகம் வெட்டணும்" என்றாள். தன் ரத்தத்திலிருந்து கிருமி ஒட்டிவிடுமோ என்ற பயத்தில் மகளின் விரலைத் தொட்டே மாதங்கள் ஆகியிருந்தன.

இரண்டாவது வாரம் அவளுக்கு வயிறு எரிந்தது.

"களி கூட துன்ன முடிலண்ணா."

என் கேஸ் மாத்திரை அட்டையை நீட்டினேன். "காலைல வெறும் வயித்துல ஒண்ணு போட்டுக்கோ."

"டாக்டரக் கேக்க வாணாமா?"

"இதுக்கெல்லாமா டாக்டரு? கடைல மிட்டாய் மாதிரி குடுப்பான்."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவளுக்கும் ஓர் அட்டை வாங்கிக்கொண்டு போனேன். அவ்வளவு தாராள மனசு எனக்கு.

முடிவு தெரிந்த செவ்வாய்க்கிழமை மூன்று பேரை மேஜையைச் சுற்றி நிறுத்திவைத்துச் சொன்னார்கள். நான் ஃபெயில் என்று தீர்த்துவைத்திருந்த லாரி டிரைவருக்குக் கிருமி இல்லை. எனக்கு இருந்தது. அவளுக்கும் இருந்தது. டாக்டர் காகிதத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"வேற ஏதாச்சும் போட்டியாம்மா?"

அவள் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கேஸ் மாத்திரை போட்டு வயிற்றில் அமிலம் குறைந்தால் கிருமி மருந்து உடம்பில் சரியாகச் சேராதாம். அதனால்தான் கிருமி திரும்பியிருக்க வேண்டும் என்றார்.

"யாரு குடுத்தது?"

அவள் ஃபேனைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"வேற மருந்து ஆறு மாசம் குடுத்துப் பாக்கலாம்" என்றார் டாக்டர். "இந்தத் தடவ போகும், போகாதுன்னு நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் பக்கத்திலேயே நடந்தேன். ஒரு ஜோக்கும் வாயில் வரவில்லை. "தப்பு என்னுதும்மா" என்றேன். பஸ் வந்து நின்றது. "அடுத்த செவ்வாக்கெழம சீக்கிரம் வந்து பெஞ்சுல எடம் புடிச்சி வெக்கட்டா?" என்று கேட்டேன்.

படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"நீ வேற நாள்ல வா."