திருஷ்டிச் சிரிப்பு

பல்லாவரம் சரளாவுக்குப் பிணமாகப் படுப்பதுதான் பிழைப்பு. சினிமாவில்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள். நெற்றியில் காசு ஒட்டி, மாலை போட்டு, சுற்றி நின்று ஒப்பாரி வைப்பார்கள். காட்சி முடிந்ததும் அவள் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். செத்ததாக நடித்த தோஷம் அந்தச் சிரிப்போடு கழிந்துவிடும். அது படத்தில் வராது. ஆனால் அப்படிச் சிரிக்காமல் சரளா ஒருநாளும் வீடு திரும்பியதில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரு டிரெய்லரிலும் அவள் முகம் வந்ததில்லை. அப்போதெல்லாம் டிரெய்லர் மங்கலமாக இருக்கும். பாட்டு, சண்டை, கொஞ்சம் காமெடி, கடைசியில் கணீர்க் குரலில் ஒருவர் 'விரைவில்' என்பார். பிணத்தைக் காட்டினால் எவன் டிக்கெட் வாங்குவான்? இப்போது எல்லாம் தலைகீழ். போனில் பார்க்கிறவன் விரல் சும்மா இருக்குமா? எடுத்த எடுப்பிலேயே அவனைப் பயமுறுத்தியாக வேண்டும். அதனால் பிணம்தான் முதலில் வருகிறது.

புதுப் பேய்ப்படத்தின் டிரெய்லரை அவள் கணவன் ஜீவானந்தம்தான் ஆசையாகக் காட்டினான். ஆட்டோவை நிறுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். நடுவீட்டில் பிணமாகச் சரளா. ஒப்பாரி. சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. பிணம் கண்ணைத் திறந்து, நேராகப் பார்த்துச் சிரித்தது.

சரளா போனைப் பிடுங்கி மறுபடி பார்த்தாள். தோஷம் கழிய அவள் சிரித்த சிரிப்பு அது. அதையே பிணத்தின் சிரிப்பாக ஒட்டிவிட்டார்கள், பாவிகள்!

உதவி இயக்குநர் ஷ்யாம்சுந்தருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, செம ரீச்! ஊரே அலறுது."

"அது படத்துக்குச் சிரிச்சது இல்ல சார். நான் உசுரோட கீறேன்னு சிரிச்சது. எடுத்துடுங்க சார்."

"அதுதான்க்கா ஹைலைட்டே!" என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழகின கீரைக்காரம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அம்மாள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. முந்தானையால் பேரன் கண்ணை மூடினாள்.

வீட்டுக்கு வந்தபோது சரளாவின் கைகால் சில்லிட்டிருந்தது. செத்தது கழியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அழுவாத சரளா. இன்னொரு தபா சிரி, நானே எடுக்கறேன். கயிஞ்சிடும்," என்று ஜீவானந்தம் போனைத் தூக்கிப் பிடித்தான்.

வாசல் வெயிலில் நின்று சரளா சிரித்தாள். கன்னம் வலிக்கிற மட்டும் சிரித்தாள்.

"இன்னாமே அப்டியே நிக்கற? சிரி," என்றான் அவன்.

"சிரிச்சிகினுதான்யா கீறேன்."